பாலிஷுக்குப் போன நாற்காலி

ஏறுங்க சார், ஏறுங்க. இனிமே பஸ்ஸு எங்க வரப்போவுது, பாலத்துக்கிட்ட லாரி ஒண்ணு குறுக்க நிக்கி. நீங்க மில்லு ஹோட்டல்லதான தங்கியிருக்கீக? நானும் அங்கதான் போறேன். கதவ இழுத்து ஓங்கி அடைங்க, மெல்ல அடைச்சா வளைவுல தொறந்துக்கிடும். அப்புறம் ஒரு விசயம், என் மேல படாம கொஞ்சம் தள்ளி உக்காந்துக்கிடுங்க. தப்பா நெனைக்காதீக. ஒரு வீட்டுக்குப் போயிட்டு வாரேன், இன்னும் குளிக்கல.

பின்னால கடகடங்குதா? நாற்காலி சார். ஹோட்டலு நாற்காலி. பாலிஷுக்கு எடுத்துட்டுப் போனேன். அதுக்கு மேல போர்வ போத்தி, கயிறு போட்டு, மாப்பிள்ளைய கூட்டிட்டு வர்ற மாதிரி கூட்டிட்டு வாரேன்.

நான் யாருன்னு கேட்டீகன்னா, பேரு சுடலைக்கண்ணு. பந்தலு, பாத்திரம், சேரு, சமுக்காளம் வாடகைக்கு விடுதவன். இந்த ஊர்ல நல்லதுக்கும் நான்தான், கெட்டதுக்கும் நான்தான். அதே கம்பு, அதே தகரம், அதே கயிறு. மேல கட்டுத துணி மட்டும் மாறும். படிப்பு அஞ்சாங் கிளாசு. அதுலயும் பாதி நாள் வாத்தியாரு வீட்டுக்கு வெறகு ஒடச்சேன். ஆனா வாய் இருக்கு பாருங்க, அது காலேஜு முடிச்சது.

நீங்க தங்கியிருக்க அந்த எடம் என்னன்னு தெரியுமா? அரிசி மில்லு சார். நாலு சுடுதண்ணித் தொட்டி இருக்குல்லா, வெள்ளக்காரக எறங்கி வேர்க்க வேர்க்க உக்காந்திருக்காகளே, அது நெல்லு அவிச்ச தொட்டி. முன்ன நெல்ல அவிச்சாக, இப்ப ஆள அவிக்காக. நெல்லுக்கு நாம கூலி குடுத்தோம், இப்ப அவிச்சதுக்கு அவுகளே குடுத்துட்டுப் போறாக. நெல்லு காயப் போட்ட களத்துலதான் கல்யாணம், ரிசப்ஷன். ஒங்க ரூம்பு எது? குதிரு பேரு போட்ட ரூம்பா? அது தவுட்டு மூட்ட அடுக்குன எடம். எலி ஒண்ணொண்ணும் முயலு மாதிரி ஓடும். இப்ப இல்ல, பயப்படாதீக.

மில்ல ஹோட்டலு ஆக்குனது மிருணாளினி மேடம். மெட்ராசுக்காரக. தங்கமான மனுசி. அவுகளுக்கு ஒரே ஒரு வியாதி, எத எடுத்தாலும் பழசா இருக்கணும். புது சேர காட்டுனா மூஞ்சி சுருங்கிரும். ஒட்டட பிடிச்ச பெஞ்ச காட்டுனா கண்ணுல தண்ணி வந்திரும். நம்மளுக்கு இப்படி ஒரு ஆளு கிடைக்குமா? என் ஷெட்டுல கால் ஒடஞ்சது, கை ஒடஞ்சது, லாட்ஜு மூடுனப்ப அள்ளிட்டு வந்த கட்டிலு, கோர்ட்டு பெஞ்சு, பூராம் மேடத்துக்குக் குடுத்தேன். சும்மா குடுத்தா மதிப்பு இருக்காதுல்லா, ஒவ்வொண்ணுக்கும் ஒரு கதையும் சேத்துக் குடுத்தேன். லாட்ஜு கட்டிலு ராணி பிரசவிச்ச கட்டிலா போச்சு. அந்த ராணி எந்த ஊரு ராணின்னு எனக்கே தெரியாது, மேடம் கேக்கவுமில்ல.

அப்பதான் ஒரு நாளு மேடம் ஷெட்டுல ஆகக் கடைசி மூலைக்குப் போயிட்டாக. அங்கன ஒரு நாற்காலி சொவரப் பாத்துத் திருப்பிப் போட்டிருக்கும். தேக்கு. ஒசந்த முதுகு, அகலக் கை, ஒரு ஆளு ரெண்டு கையையும் வச்சு நிம்மதியா சாயலாம். எங்க ஐயா காலத்துல எங்கயோ ஏலத்துல எடுத்தது. அது கல்யாணத்துக்குப் போறது இல்ல சார். அது போறது ஒரே காரியத்துக்குத்தான்.

எங்க பக்கத்துல பெரியாளு யாரும் தவறிட்டா படுக்கப் போட மாட்டோம். குளிப்பாட்டி, வேட்டி கட்டி, நெத்தியில திருநீறு பூசி, முத்தத்துல நாற்காலியில உக்கார வச்சு, சாயாம இருக்க நெஞ்சோட ஒரு துணிய குடுத்து முதுகுப் பலகையோட கட்டிருவோம். ஆத்துத் தண்ணி மொண்டு நீர்மால எடுத்து வந்து, கோடித்துணி போட்டு, ஊரு பூராம் வந்து மால போட்டுட்டுப் போவும். அந்த நாற்காலிதான் சார் அது. இந்த ஊர்ல அம்பது வருசமா யாரு உக்காந்தாலும் அதுலதான். என் மாமனாரும் அதுலதான் உக்காந்தாரு. மனுசன் உசிரோட இருக்கும்போது எங்கிட்ட அவ்வளவு மரியாதையா உக்காந்ததே இல்ல.

மேடம் அத திருப்பிப் பாத்தாக. அப்படியே நின்னுட்டாக. "ஏன் இத சுவரப் பாத்து வச்சிருக்கீங்க?"ன்னு கேட்டாக. சொல்லிருக்கலாம். வாயத் தொறந்தேன், உண்மதான் வரப்போவுதுன்னு நானும் நெனச்சேன். "மரியாதை மேடம். ஜமீன்தாரு உக்காந்த நாற்காலி. கண்டவன் வந்து உக்காந்திரக் கூடாதுல்லா"ன்னு வந்திட்டு. என் வாய எனக்கே நம்ப முடியாது சார்.

ஒரே ஒரு பொய்தான். மிச்சம் பூராம் உண்ம. இதுல உக்காந்தவுக யாரும் தானா எந்திரிச்சதே இல்ல மேடம்னேன். பெரிய பெரிய ஆளுக உக்காந்திருக்காக, ஊரே வரிசையா வந்து மால போடும்னேன். எல்லாரும் கையக் கட்டிட்டு எதிர்ல நிப்பாகன்னேன். எதுல பொய் இருக்கு, நீங்களே சொல்லுங்க.

முதுகுப் பலகையில மேல ரெண்டு பக்கமும் வாரு தேஞ்ச மாதிரி பள்ளமா இருக்கும். துணி போட்டு இறுக்கி இறுக்கித் தேஞ்ச எடம். மேடம் அதுல வெரல விட்டுப் பாத்து, இது என்னன்னாக. ஜமீன்தாரு வாளு தொங்கவிட்ட எடம்னுட்டேன். மேடத்துக்கு மயிரு கூச்செறிஞ்சிட்டு, கையக் காட்டுனாக.

நாற்காலி ஹோட்டலு முன்வாசலுக்குப் போயிட்டு. கூட்டித் தொடைக்க வந்த நம்ம ஊரு பொம்பளைக அத பாத்ததும் மூணடி தள்ளி நின்னு கம்புல துணி கட்டித் தொடைச்சாக. மேடம் என்னன்னு நெனச்சாக தெரியுமா? பழைய சாமானுக்கு இந்த ஊரு ஆளுக எம்புட்டு மரியாத குடுக்காகன்னு எங்கிட்டயே சொல்லிப் பெருமப்பட்டாக. வந்தவன் போனவன் எல்லாம் அதுல உக்காந்து, காலு மேல காலு போட்டு போட்டோ. எனக்கு மட்டும் ஒவ்வொரு போட்டோவிலயும், பொணத்துக்குத் தாடையச் சேத்துக் கட்டுவோமே, அந்த நாடிக்கட்டு இல்லாத கொற தெரியும்.

இதோட நின்னிருந்தா நான் இன்னைக்கு ராசா மாதிரி இருப்பேன். எம்மக முப்பிடாதிக்கு மாப்பிள்ள அமைஞ்சிட்டு. இங்க இருந்து வடக்க, ஆத்துக்கு அந்தப் பக்கம் ஊரு. பையன் நர்சரி வச்சிருக்கான். அவன் அப்பா பேரு ஆறுமுகநயினாரு, பஸ்ஸுல கண்டக்டரா இருந்து ரிட்டயர்டு. ஆளு நல்லா ஒசரம், பேச்சு கட்ட. எங்கிட்ட எதுத்தாப்புல உக்காந்தா நான் நூறு வார்த்த பேசுவேன், அவரு "அப்படியா வே"ம்பாரு. டிக்கெட்டு கிழிக்கத மாதிரி.

நிச்சயத்த எங்க வைக்கன்னு பேசிக்கிட்டு இருக்கும்போது மேடம் விசயத்தக் கேள்விப்பட்டு வீட்டுக்கே வந்துட்டாக. மாப்பிள்ள வீட்டாளுகளும் இருக்காக. "சுடலைக்கண்ணு நம்ம குடும்பம் மாதிரி. களத்துல வச்சுக்கோங்க, எல்லாம் நம்ம பொறுப்பு. பொண்ணு நம்ம ஜமீன் நாற்காலியிலதான் உக்காரணும்"னாக. சம்பந்தியம்மாவுக்கு வாயெல்லாம் பல்லு. ஜமீன் நாற்காலியாம்ல, எங்க மருமவளுக்கான்னு பக்கத்துல இருந்தவுககிட்ட எல்லாம் சொல்லுதாக. ஆறுமுகநயினாரு மட்டும், "அப்படியா"ன்னாரு.

நான் என் பொண்டாட்டியப் பாத்தேன். பிரம்மசக்தி அவ பேரு. பேருக்கேத்த மாதிரிதான் இருப்பா. அன்னைக்கு அவ பாத்த பார்வைக்கு நான் அந்த நாற்காலியில அப்பவே போயி உக்காந்திருக்கணும். அதுக்குப் பொறவு எங்கிட்டப் பேச்ச நிறுத்திட்டா. சோத்தத் தட்டுல போட்டு நங்குன்னு வைப்பா, அந்தச் சத்தந்தான் பேச்சு.

மேடத்துக்கிட்டப் போயி உண்மையச் சொல்லலாம். சொன்னா என்ன ஆவும்? ராணி கட்டிலு என்ன ஆவும், கோர்ட்டு பெஞ்சு என்ன ஆவும்? நான் குடுத்த கதை ஒண்ணுல செங்கல உருவுனா மொத்த மில்லும் சரியும். அதோட மாப்பிள்ள வீட்டுக்கும் தெரிஞ்சு போவும், பொணம் வச்ச நாற்காலிய ஜமீன்னு வித்தவன் மகளான்னு கேப்பாக.

சரி, நாற்காலிய ஒடச்சிருவோம்னு ஒரு மத்தியானம் போயி பின்னங்கால்ல ஆப்ப உருவிட்டு வந்தேன். மறுநாளு மேடத்தோட தச்சரு பித்தள பட்டி போட்டு முன்னவிட உறுதியா நிறுத்திட்டாரு. அடுத்து, மேடம், அந்த நாற்காலியில ஜமீன்தாரு ஆவி இருக்குன்னு சொல்லுதாக, கன்னிப் பிள்ளைக உக்காரக் கூடாதாம்னு அவுத்து விட்டேன். மேடம் கண்ண அகல விரிச்சுக் கேட்டுக்கிட்டு, இத ஏன் முன்னாலயே சொல்லலன்னு கோச்சுக்கிட்டாக. ரெண்டு நாள்ல நாற்காலி பக்கத்துல போர்டு வச்சாச்சு, ஆவி உள்ள நாற்காலின்னு. அதப் பாக்கன்னே கார்ல ஆளுக வர ஆரம்பிச்சாச்சு. என் நாக்கால நான் கெட்டது பத்தாதுன்னு ஹோட்டலுக்கு விளம்பரமும் பண்ணிட்டேன்.

கடைசியில எம்மகட்டப் போனேன். அவளுக்குத் தெரியும் சார், அந்த ஷெட்டுல வெளையாடி வளந்த பிள்ள. கண்ணாமூச்சி ஆடும்போதுகூட அது பின்னால மட்டும் ஒளிய மாட்டா. வயித்து வலின்னு சொல்லிரு, தல சுத்துதுன்னு சொல்லிரு, எதையாவது சொல்லிருன்னேன். அவ மல்லிப்பூ தொடுத்துக்கிட்டு இருந்தா. தல நிமிரல.

"நான் உக்காருதேன்ப்பா. மரந்தான. ஒனக்கு அசிங்கம் வரக்கூடாது."

அவ்வளவுதான் சொன்னா. திட்டியிருந்தா நான் ரெண்டு சோக்கு அடிச்சிட்டு வந்திருப்பேன். அன்னைக்கு நங்குன்னு வச்ச தட்டு அப்படியே இருந்துச்சு.

நிச்சயத்தன்னைக்கு களத்துல மேட போட்டிருக்கு. நான் போடல, மேடத்தோட ஆளுக. நடுவுல நாற்காலி. முதுகுப் பலகையில ரோசாப்பூ மால ஒண்ணு குறுக்க தொங்குது. ரெண்டு பக்கமும் குத்துவெளக்கு. முன்னால உருளியில பூவு. மேடத்துக்கு அழகுன்னு நெனப்பு. எனக்குக் கொட்டுக்காரன் மட்டுந்தான் பாக்கின்னு தோணுச்சு.

நம்ம ஊரு சனம் உள்ள வருது. சிரிச்சுப் பேசிக்கிட்டே வாராக, மேடையப் பாக்காக, அப்படியே அடங்கிருதாக. ஆம்பளைக தோள்ல கெடந்த துண்ட எடுத்துக் கக்கத்துல வச்சாக. எங்க வழக்கத்துல எளவு வீட்டுல வந்தவுகள வாங்கன்னு கேக்கக் கூடாது, போகும்போது போயிட்டு வாரேன்னு சொல்லக் கூடாது. பழக்கம் சார். மாப்பிள்ள வீட்டாளுக வாசல்ல வந்து நிக்காக, எங்காளுக ஒருத்தனும் வாங்கன்னு வாயத் தொறக்கல. தலைய ஆட்டிட்டு ஒதுங்கி நிக்கானுவ. நான் மட்டும் ஒத்த ஆளா வாங்க வாங்கன்னு ஓடிக்கிட்டு இருக்கேன், ஏலம் போடுதவன் மாதிரி. இதுல எங்க செல்லக்கிளி அத்த வேற. கண்ணு சரியாத் தெரியாது, ஒப்பாரின்னா ஊருக்கே அவதான். மாலையும் வெளக்கும் மங்கலாத் தெரிஞ்சிட்டு போல, எங்கையப் பிடிச்சு, யாருய்யா போனது, எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலையேங்கா.

முப்பிடாதிய பட்டுச்சேலையோட கூட்டிட்டு வாராக. மேடம் கையக் காட்டுதாக. அவ நாற்காலியப் பாக்கா. மொகத்துல ஒண்ணுமில்ல. பிரம்மசக்தி அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டா. நான் வேட்டி முனையக் கையில சுத்திக்கிட்டு நிக்கேன்.

அப்ப பாருங்க, நம்ம சம்பந்தி ஆறுமுகநயினாரு மெல்ல மேட ஏறுனாரு. நாற்காலி பின்னால போயி நின்னாரு. மாலைய விலக்கி, அந்தப் பள்ளத்துல பெருவெரல வச்சு ஒரு தேய் தேய்ச்சாரு. என்னைய ஒரு பார்வ பாத்தாரு. அப்புறம் சுத்தி வந்து, வேட்டிய ஒதுக்கி, அதுல உக்காந்தாரு.

உக்காந்தாருன்னா எப்படி? மாலையோட சாஞ்சு, ரெண்டு கையையும் கை மேல வச்சு, கண்ண மூடி. அப்படியே எங்க மாமனாரு.

மேடம் ஓடியாந்து, ஐயா இது பொண்ணுக்குன்னாக. அவரு கண்ணத் தொறந்து, "எனக்கு முட்டி வலி தாயி. இது வயசானவுகளுக்குள்ள நாற்காலி. பிள்ளைக்குப் பாய விரிங்க. எங்க பக்கம் பாயிலதான் உக்கார வைப்போம்"னுட்டு திரும்ப மூடிக்கிட்டாரு.

பாருங்க சார், என்ன மேனர்ஸு! பொண்ணு உக்கார வச்சிருக்க நாற்காலி. பத்துப் பேரு பாத்துக்கிட்டு இருக்கும்போது முட்டி வலியாம். முட்டி வலிக்காரன் அதுக்கு முந்தின வாரம் எங்க வீட்டு மாடிப்படி ஏறி தண்ணித் தொட்டி எட்டிப் பாத்தாரு. எந்திரிப்பாரு எந்திரிப்பாருன்னு பாக்கேன், எந்திரிக்கவே இல்ல. பாய விரிச்சு எம்மகள உக்கார வச்சாச்சு, லக்கினப் பத்திரிக படிச்சாச்சு, தட்டு மாத்தணும்னா அவரு நாற்காலியில இருந்தே கைய நீட்டுதாரு. போட்டோவுல நடு சென்டர்ல மாலையோட அவருதான். இன்னைக்கும் எங்க வீட்டு ஆல்பத்த தெரியாதவுக யாரும் பாத்தா, பெரியவரு எப்பத் தவறுனாருன்னு கேப்பாக.

நடுவுல செல்லக்கிளி அத்த தடவித் தடவி மேடைக்கே போயிட்டா. அவரு மூஞ்சிக்கிட்டக் குனிஞ்சு பாக்கா. பாட்டு எடுக்க மூச்சு இழுத்துட்டா சார், எனக்குக் கேட்டுச்சு. அவரு ஒரு கண்ண மட்டும் தொறந்து, "இன்னும் இருக்கேன் ஆத்தா. நீ பந்தியில போயி உக்காரு"ன்னாரு. ஊரு பூராம் சிரிச்சிட்டு. அதுக்குப் பொறவுதான் களமே கல்யாணக் களையா ஆச்சு.

என் பொண்டாட்டி என்ன செஞ்சா தெரியுமா? நேர அவரு கால்ல போயி விழுந்தா. அழுதா. நிச்சயத்துல பொண்ணு வீட்டுக்காரி இப்படியா செய்வா? வீட்டுக்கு வந்து கேட்டேன். அம்புட்டு நாளு பேசாதவ அன்னைக்குத்தான் வாயத் தொறந்தா. "ஒமக்கு வாய்தான் இருக்கு, அந்த மனுசனுக்குக் கண்ணு இருக்கு"ன்னா. பொம்பளைகளுக்கு எல்லாத்துலயும் ஒரு கத வேணும். அவரு உக்காந்தது முட்டி வலியில. நான் பக்கத்துல நின்னு பாத்தவன்லா.

இங்கன கொஞ்சம் பள்ளம், பிடிச்சுக்கிடுங்க. நாற்காலி குதிக்கும்.

அப்புறம் கல்யாணமும் நல்லபடியா முடிஞ்சிட்டு. அதுக்குள்ள ஊர்ல பெரிய பிரச்சன. அந்த ஐப்பசியில ரைஸ் மண்டி வச்சிருந்தவரு ஒருத்தரு தவறிட்டாரு. நல்ல கனத்த உடம்பு. பிளாஸ்டிக் சேர்ல உக்கார வச்சேன். நீர்மால வந்து சேருததுக்குள்ள சேரு காலு நாலும் நாலு பக்கமா விரிஞ்சு, அவரு மெல்ல மெல்ல எறங்குதாரு. மகன் ஓடியாந்து பிடிக்கான். ஊரே என்னைய ஏசிச்சு. ஊரு நாற்காலிய வித்துத் தின்னுட்டான் படுபாவின்னு. அப்பத்தான் எனக்கு இந்த யோசன வந்துச்சு. மேடத்துக்கிட்டப் போயி, தேக்கு மூச்சு விடணும் மேடம், அப்பப்ப கொண்டுபோயி பாலிஷ் போடணும், இல்லன்னா வெடிச்சிரும்னேன். அன்னையில இருந்து ஊர்ல யாரு தவறுனாலும் நாற்காலிக்குப் பாலிஷு. மஞ்சத்தண்ணி தெளிச்சுத் தொடச்சு, மெழுகு தேச்சு திரும்பக் கொண்டுபோயி வச்சிருவேன். இந்த ஜில்லாவுலயே இம்புட்டுப் பளபளன்னு ஒரு நாற்காலி கெடையாதுன்னு மேடம் சொல்லுதாக. மார்கழியில ரொம்பப் பாலிஷ்.

நேத்து நீங்களும் அதுல உக்காந்தீகளா? போட்டோ எடுத்தீகளா? ஆங். நல்லா வந்திருக்கா? சரி விடுங்க. ஒண்ணும் ஒட்டிக்கிடாது. போயி அந்தத் தொட்டியில எறங்கி ஒரு குளி குளிச்சிருங்க.

இன்னைக்கு யாருக்குன்னா கேக்கீக?

அவருக்குத்தான். ஆறுமுகநயினாருக்கு.

நேத்து சாயங்காலம் நர்சரியில ரோசாவுக்குத் தண்ணி விட்டுக்கிட்டு இருந்தவரு, ட்யூப கீழ போட்டுட்டு உக்காந்தாராம். அவ்வளவுதான். கல்யாணத்தன்னைக்கே எங்காதுல சொன்னாரு சார். வே, அந்த நாற்காலி எனக்கு நல்லா அமஞ்சு போச்சு, நாளைக்கு என்னைய வேற எதுலயும் உக்கார வச்சிராதீரும்னு. ஹோட்டலு சாமானுக்கு ஆசையப் பாருன்னு நான் பிரம்மசக்திகிட்டச் சொல்லிச் சிரிச்சேன். அவ சிரிக்கல.

காலையில மேடத்துக்கிட்டப் பாலிஷ்னு சொல்லி எடுத்துட்டுப் போனேன். அந்த ஊர்ல அவுகளுக்குன்னு பெஞ்சு இருக்கு, நான் விடல. நான்தான் கட்டுனேன். எம்புட்டுப் பேரக் கட்டுன கை சார், கண்ண மூடிக்கிட்டு முடிச்சுப் போடுவேன். இன்னைக்கு முடிச்சு விழல. துணி அந்தப் பள்ளத்துல நிக்க மாட்டேங்குது. முப்பிடாதி வந்து ஒரு முனையப் பிடிச்சா. பொறவுதான் நின்னுச்சு.

உக்காந்திருக்கதப் பாத்தா அன்னைக்கு மாதிரியே இருக்கு. அதே சாய்வு, அதே கை. ஒரு கண்ணத் தொறந்து, இன்னும் இருக்கேன் வேம்பாருன்னு பாத்துக்கிட்டே நின்னேன். மனுசன் எந்திரிக்கல. ரெண்டாந்தடவையும் எந்திரிக்கல.

அவரத் தேர்ப்பாடையில தூக்கி வச்சதும் நாற்காலி காலியாயிட்டு. சாயங்காலம் யாரோ பெரிய ஆளுக வாராக, நாற்காலி வேணும்னு மேடம் போன் மேல போன். சுடுகாட்டுக்குக்கூட போகாம நாற்காலியத் தூக்கிக்கிட்டுக் கெளம்புனேன். கெளம்புதவன் சும்மா கெளம்ப வேண்டியதுதான? திரும்பி அவரப் பாத்து, "போயிட்டு வாரேன் சம்பந்தி"ன்னுட்டேன்.

எளவு வீட்டுல சொல்லக் கூடாத வார்த்த சார். எம்புட்டு எளவுக்குப் பந்தல் போட்டவன் நான், எனக்குத் தெரியாதா. அந்த ஊரு பூராம் என்னையத் திரும்பிப் பாக்கு. இந்த வாயி, இந்த வாயி. நான் என்ன செய்யன்னு தெரியாம நாற்காலியக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு நிக்கேன்.

எம்மகதான் சொன்னா, "போயிட்டு வாப்பா"ன்னு. எல்லாருக்கும் கேக்கத மாதிரி.

இந்தா ஹோட்டலு வந்திட்டு. எறங்குங்க. சார், ஒரு உதவி, ஒரு பக்கம் கை குடுப்பீகளா? தேக்குல்லா, கனம். ஆங், கீழ பிடிங்க. அந்தத் தேஞ்ச எடத்துல மட்டும் பிடிக்காதீக.

மேடம் கேட்டா பாலிஷ்.